ஹெடர் சொல்லாததை எங்கே எழுதுவது: சிடைப்ஸ், சிஎஃப்எஃப்ஐ, ஸ்விக்

சி நூலகம் ஒன்றைப் பைத்தானிலிருந்து அழைக்க சிடைப்ஸ், சிஎஃப்எஃப்ஐ, ஸ்விக் என்ற மூன்று வழிகளை, தரவைச் சுருக்கும் இசட்லிப் நூலகத்தில் ஓட்டிப் பார்ப்போம். பைத்தானிலேயே இதற்கான மாட்யூல் இருப்பதால் விடையைச் சரிபார்ப்பது சுலபம்.

இசட்லிப்பின் கம்ப்ரெஸ் ஃபங்ஷனில் இரண்டாவது ஆர்குமென்ட் டெஸ்ட்லென். உள்ளே போகும்போது அது பஃபரின் கொள்ளளவு, திரும்பும்போது சுருங்கிய அளவு. ஹெடரில் (நூலகத்தின் அறிவிப்புகள் உள்ள கோப்பில்) இருப்பதோ வெறும் பாயின்டர். இதை எந்தக் கருவியும் ஊகிக்காது. அந்தத் தகவலை நம்மை எங்கே எழுத வைக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

சிடைப்ஸ், 2006இல் வந்த பைத்தான் 2.5 முதல் கூடவே வருகிறது. கம்பைலர் தேவையில்லை. ஹெடரைப் படித்து அறிவிப்புகளை எழுதித் தர சிடைப்ஸ்ஜென் உண்டு. கையால் எழுதும்போது ரெஸ்டைப் (திரும்பும் மதிப்பின் வகை) விட்டுப்போனால் திரும்பி வருவது இன்ட் என்றே கொள்ளும்: 64 பிட் முகவரி 32 பிட்டாக நறுக்கப்படும், அதை நம்பிப் படித்தால் செக்மென்டேஷன் ஃபால்ட். அடுத்த பள்ளம் சுருக்கும் வேலையைத் தொடங்கி வைக்கும் டிஃப்ளேட்இனிட். அது ஃபங்ஷன் அல்ல, கம்பைல் ஆகும்போதே வேறு வரியாக விரியும் மேக்ரோ. நூலகக் கோப்பில் அந்தப் பெயரே கிடையாது. கடைசியில் அடிக்கோடு உள்ள அசல் பெயரை அழைத்து, வெர்ஷனையும் ஸ்ட்ரக்ட் அளவையும் (64 பிட் லினக்ஸில் 112 பைட்) நாமே தர வேண்டும். அளவு பிசகினால் −6 என்ற பிழை எண் திரும்பும்.

சிஎஃப்எஃப்ஐயில் முறைகள் இரண்டு. நூலகத்தை நேரே திறக்கும் பைனரி முறையில் சிடைப்ஸின் அதே தலைவலிகள். சி கம்பைலரைக் கூப்பிடும் மற்ற முறையைத்தான் பரிந்துரைப்பேன். ஸ்ட்ரக்டில் வேண்டிய புலங்களை மட்டும் எழுதி மூன்று புள்ளி வைத்தால் மீதியைக் கம்பைலர் நிரப்பும். டிஃப்ளேட்இனிட்டை ஃபங்ஷன் போல அறிவித்தாலே மேக்ரோ விரிந்துவிடும். விண்டோஸில் லாங் 32 பிட், லினக்ஸில் 64 பிட் என்ற கவலையும் இல்லை. ஆனால் அறிவிப்புகளை வாங்கும் சிடெஃப் ஃபங்ஷன் இன்க்ளூட் வரிகளை ஏற்காது. அறிவிப்புகளை ஒட்டித்தான் ஆக வேண்டும். சிஎஃப்எஃப்ஐயின் நியூ ஃபங்ஷன் கொடுத்த பஃபரை, ஸ்ட்ரக்டில் உள்ளீட்டைச் சுட்டும் நெக்ஸ்ட்_இன் புலத்தில் மட்டும் வைத்துவிட்டு மறந்தால், பைத்தான் அதை விடுவித்துவிடும். பாயின்டர் அந்தரத்தில் தொங்கும். ஒரு மாறியில் பிடித்து வைத்திருங்கள்.

ஸ்விக் 1996 முதல் புழங்குகிறது. பெர்ல், ரூபி, லுவா, பைத்தான் எனப் பல மொழிகளுக்கு ஒரே இன்டர்ஃபேஸ் கோப்பு என்பதே அதன் பலம். அந்தத் தேவை இல்லாதவருக்கு டைப்மேப் (மதிப்புகளை இரு மொழிகளுக்கிடையே மாற்றும் விதி) எழுதும் வேலை வீண். ஹெடருக்குள் இருக்கும் இன்க்ளூடை அது தானாகத் தொடராது. இசட்லிப் ஹெடரை மட்டும் கொடுத்தால் இசட்எக்ஸ்டெர்ன் மேக்ரோவில் சின்டாக்ஸ் எரர் வரும். இசட்கான்ஃப் ஹெடரை முதலில் சேருங்கள். டெஸ்ட்லென்னுக்கு டைப்மேப் வைக்காவிட்டால் பைத்தான் எண்ணைக் கொடுத்ததும் டைப்எரர். டிஃப்ளேட்இனிட்டை இங்கும் ஃபங்ஷனாகவே அறிவிக்கலாம். கம்பைல் செய்த கோப்பின் பெயர் அடிக்கோட்டில் தொடங்காவிட்டால் இம்போர்ட் தோற்கும்.

பல த்ரெட்களில் ஓட்டுவோர் கவனிக்க: மற்ற இரண்டும் அழைப்பின்போது பைத்தானின் ஜிஐஎல் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓட விடுவது) தாமாகவே விடும், ஸ்விக் விடாது, த்ரெட்ஸ் ஆப்ஷனைக் கொடுத்தால்தான் விடும்.