ஹட்டனில் சவர்க்கார வகுப்புக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஒலிவ் எண்ணெய்ச் சவர்க்காரம் வீட்டிலேயே செய்யக் கற்றுத்தருகிறோம் என்று ஹட்டன் டவுனில் ஒரு நாள் வகுப்பு நடந்தது. சாமான்களும் சேர்த்து 9,500 ரூபா. அம்மாவுக்காகத்தான் போனேன். முப்பது வருடம் கொழுந்து பறித்த கை. விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கறை ஏறிக் கிடக்கும், கடைச் சவர்க்காரம் போட்டால் இன்னும் வறளும்.

வகுப்பு நடத்தியவர் முதலில் பலஸ்தீனத்து நாப்ளஸ் நகரப் படங்களைக் காட்டினார். கோபுரம் கோபுரமாக அடுக்கிக் காயவைத்த கட்டிகள். அந்தக் கைத்தொழில் 2024இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது உண்மைதான். படங்களைப் பார்த்ததும் எனக்குப் பேரம் பேசும் எண்ணமே போய்விட்டது.

அப்புறம் ஒரு தாள் கொடுத்தார். எண்ணெய் 1 கிலோ, கோஸ்டிக் சோடா (எண்ணெயைச் சவர்க்காரமாக்கும் கடுங்காரம்) 183 கிராம், தண்ணீர் 380 கிராம், நாலு வாரத்தில் பாவிக்கலாம். அலுமினியச் சட்டி ஆகாது என்று ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் சோடாத் தண்ணீரை அதில்தான் ஊற்றினேன். பொங்கி நுரைத்துச் சட்டியே கறுத்துப்போனது. அப்போது கிளம்புவது தீப்பற்றும் ஐதரசன் வாயு. நல்லவேளை, அன்று விறகு நனைந்திருந்ததால் அடுப்பு மூட்டவில்லை. பக்கற்றில் மிஞ்சிய சோடாவை நிறுத்து, எவர்சில்வர் சட்டியில் மறுபடி செய்தேன்.

மூன்றாம் நாளே கட்டி கல் மாதிரி இறுகிவிட்டது. வெட்டினால் ஓரம் உதிர்ந்தது. வகுப்பு நடத்தியவருக்குப் படம் அனுப்பினேன், "சூப்பர் தங்கச்சி" என்று பதில் வந்தது. வெறும் ஒலிவ் எண்ணெயில் செய்தது ஆரம்பத்தில் மெத்தென்றுதான் இருக்கும், நம் குளிருக்கு இறுக இன்னும் நாளாகும். இவ்வளவு சீக்கிரம் கல்லானதே பிழைக்கு அறிகுறி என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாலு வாரம் கழித்து அம்மா கை கழுவினார். "என்னடி இது, மிளகாய் அரைச்ச கை மாதிரி காந்துது!" பார்த்தால் வெடிப்பெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. தாளில் 'சோடா பட்டால் வினாகிரி பூசவும்' என்று வேறு எழுதியிருந்தார்கள். அதைச் செய்யாதீர்கள். குழாயடியில் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கையைப் பிடிக்க வேண்டும்.

பக்கத்து லயத்து அண்ணன் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவர். தாளைப் பார்த்த உடனே, "இது தேங்காய் எண்ணெய்க் கணக்குத் தங்கச்சி" என்றார். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குத்தான் 183 கிராம். ஒலிவுக்கு 134 கிட்ட போதும், அதிலும் கை காந்தாமல் இருக்க நூற்றுக்கு ஐந்து குறைத்து 127 அளவில் போடுவார்கள். அப்படியென்றால் என் கட்டிகளில் கிட்டத்தட்ட 50 கிராம் சோடா சும்மா மிஞ்சிக் கிடந்திருக்கிறது. பழைய தேங்காய் எண்ணெய்த் தாளில் எண்ணெயின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார் மனுஷன்.

வகுப்பு நடத்தியவருக்குப் போன் எடுத்தேன். "நம்ம குளிருக்கு அப்படித்தான், இன்னும் ஒரு மாசம் வைங்க" என்றார். வைத்தால் தண்ணீர் காயும், இவ்வளவு சோடா எங்கே போகும்? விடாமல் கேட்டதும், எண்ணெய் கலப்படமாக இருக்கும், விற்றவனைக் கேளுங்கள் என்றார். விற்றதே அவர்தான்! அதில் சூரியகாந்தி எண்ணெய் கலந்திருந்தாலும் அதற்கும் ஏறக்குறைய இதே 134தான். அடுத்த முறை எடுத்தபோது என் நம்பரைத் தடுத்துவிட்டிருந்தார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம் என்று பார்த்தால், கையில் பில் இல்லை. கேட்காதது என் பிழை.

இந்த மாதம் மறுபடி போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அதே நாப்ளஸ் கோபுரம், கட்டணம் இப்போது 11,000. போவதென்றால் காசு கொடுக்க முன்னர், ஒலிவுக்கு எத்தனை கிராம் சோடா, தேங்காய் எண்ணெய்க்கு எத்தனை என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணைச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.