லாமினின் குப்பி: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

எலி மூளை நியூரான்கள் தட்டில் ஒட்டி உயிரோடு இருந்தால் போதும் என்பவர்கள், தட்டில் பூசும் லாமினின் என்ற இந்தப் புரதத்தை வாங்க வேண்டாம். அதற்குப் பாலி-டி-லைசின் என்ற செயற்கைப் பூச்சே தாராளம், விலையும் குறைவு. ஆக்ஸான், அதாவது நியூரானின் செய்தி கடத்தும் நீள இழை, சீக்கிரமாகவும் நீளமாகவும் வளர வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்தக் குப்பி.

நான் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் நியூரான்களை வளர்க்கும் ஒரு லேபில் மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி. செல்கள் வளரும் மெல்லிய கண்ணாடித் துண்டுகளுக்கு (கவர்ஸ்லிப்) பூச்சுப் பூசும் கோட்டிங் வேலை என் பொறுப்பு. நாங்கள் வாங்குவது சுண்டெலியின் ஈ.எச்.எஸ் என்ற புற்றுக்கட்டியிலிருந்து பிரித்தெடுத்த லாமினின். 1979-இல் ரூபர்ட் டிம்பிள் குழுவினர் இந்தப் புரதத்தை முதலில் பிரித்துக் காட்டியதும் அதே கட்டியிலிருந்துதான். குப்பியில் ஒரு மில்லி திரவம், அதில் ஒரு மில்லிகிராம் புரதம். பார்த்தால் வெறும் தண்ணீர்.

முதல் குப்பி வந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தெர்மாகோல் பெட்டி செக்யூரிட்டி மேஜையில் கிடந்தது. உள்ளே ட்ரை ஐஸ் துளிகூட இல்லை. குப்பியைச் சாய்த்தேன், திரவம் ஓடவில்லை. இளநீர் வழுக்கைபோல ஒரு துண்டாக மெதுவாகச் சரிந்தது. லாமினின் அறை வெப்பத்தில் உருகினால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஜெல்லாகிவிடும், அப்புறம் கோட்டிங்குக்கு ஆகாது. முகவரைக் கூப்பிட்டால், “அனுப்பும்போது ஐஸ் இருந்ததே மேடம்” என்றார். படம் எடுத்து அனுப்பி, நாலு முறை மெயில் போட்டு, மாற்றுக் குப்பி வர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் இரண்டு பரிசோதனைகள் போயின.

மாற்றுக் குப்பியை நானே கெடுத்திருப்பேன். அவசரத்தில் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கப் போனபோது எங்கள் டெக்னீஷியன் அண்ணன் வாங்கி வைத்துவிட்டார். “ஏம்மா பறக்கிற? ராத்திரி ஃபிரிட்ஜில வெச்சுட்டுப் போ, காலையில பாத்துக்கலாம்.” 4 டிகிரியில் மெதுவாக உருகவிட்டு, ஐஸ் மேல் வைத்தே 20 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்தேன். கணக்குப்படி 50 குழாய் வர வேண்டும். பைப்பெட் நுனியில் தங்குவது போக 48-ஐ நான் தாண்டியதே இல்லை. மைனஸ் 80-இல் வைத்து, ஒரு குழாயை ஒரே ஒரு முறைதான் உருக்குகிறேன்.

பயன்படுத்துவது சுலபம். முதல் நாள் பாலி-டி-லைசின் பூசி, மறுநாள் மூன்று முறை நன்றாகக் கழுவ வேண்டும். ஒட்டாமல் மிஞ்சிய லைசின் நியூரான்களுக்கு விஷம், இதில் சோம்பல் கூடாது. பிறகு ஒரு குழாய் லாமினினை 2 மில்லி குளிர்ந்த பி.பி.எஸ் உப்புக் கரைசலில் கலந்தால், மில்லிக்கு 10 மைக்ரோகிராம். 12 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப்புக்கு 100 மைக்ரோலிட்டர் சொட்டு, 37 டிகிரியில் இரண்டு மணி நேரம். காய விட்டுவிட்டால் பூசியது வீண்.

ஒரே எலிக்கரு மூளையிலிருந்து எடுத்த செல்களைப் பாதி லைசின் மட்டும் பூசிய கண்ணாடியிலும், பாதி லாமினினும் சேர்த்த கண்ணாடியிலும் விட்டுப் பார்த்தேன். மறுநாள் காலை லைசின் கண்ணாடியில் செல்கள் நன்றாகத்தான் ஒட்டியிருந்தன. நாலைந்து குட்டை இழைகள், எது ஆக்ஸான் என்று சொல்ல முடியாத நிலை. லாமினின் பக்கம் பல செல்களில் ஒரே ஒரு இழை மற்றவற்றை விட்டுவிட்டு ஓடியிருந்தது. ஒன்றைத் தொடர்ந்து பார்த்தேன். நுனியில் இருந்த வளர்கூம்பு விரல்களை நீட்டித் தடவி, இழுத்துக்கொண்டு, மறுபடி நீட்டியது. காபி ஆறிப்போனதே தெரியவில்லை.

இரண்டும் ஒட்டத்தானே வைக்கின்றன, ஏன் இந்த வித்தியாசம்? லைசினின் பிடிப்பு வெறும் மின்னேற்றம்: அது நேர், செல் சவ்வு எதிர். லாமினினைச் செல் பிடிப்பது இன்டெக்ரின் என்ற ஏற்பியால். பிடித்ததும் செல்லுக்குள்ளே எஃப்.ஏ.கே என்ற கைனேஸ் நொதி தூண்டப்பட்டு, அந்தச் சமிக்ஞை செல்லுக்கு வடிவமும் அசைவும் தரும் ஆக்டின் இழைகள்வரை போகிறது. பசை வாங்குகிறோம் என்று நினைத்துத்தான் நானும் முதலில் ஆர்டர் போட்டேன்.

வளரும் மூளையிலும் இதற்கு வேலை உண்டு. மூளைப் புறணியின் வெளி விளிம்பில் லாமினின் கலந்த மெல்லிய அடித்தளச் சவ்வு இருக்கிறது. ரேடியல் கிளியா என்ற நீண்ட தாங்கு செல்கள் அதில் கால் பதித்து நிற்க, புது நியூரான்கள் அவற்றைப் பற்றி ஏறி அதற்குக் கீழே நின்றுவிடும். சவ்வு கிழிந்தால் நியூரான்கள் வெளியே வழிந்துவிடும். 1960-இல் ஜப்பானில் ஃபுகுயாமா என்ற மருத்துவர் விவரித்த பிறவித் தசைச்சிதைவு நோயில் மூளை மேற்பரப்பு கூழாங்கல் பரப்பியதுபோல் ஆவது இப்படித்தான். அங்கே லாமினின் சரியாகவே இருக்கும். அதைப் பிடிக்க வேண்டிய டிஸ்ட்ரோகிளைக்கான் என்ற செல் மேற்பரப்பு ஏற்பியில் சர்க்கரைச் சங்கிலிதான் குறை. லைசினை மட்டும் பூசிவிட்டு “ஒட்டிடுச்சு, போதும்” என்னும் ஜூனியர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

குறைகள்: ஒரு லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) போல இன்னொரு லாட் இருப்பதில்லை. எங்கள் மூன்றாவது குப்பியில் வளர்ச்சி கொஞ்சம் மந்தம்தான். புது லாட் வந்தால் பழையதோடு பக்கத்தில் வைத்துச் சோதித்துவிடுங்கள். கட்டியிலிருந்து வருவதால் வேறு புரதங்களும் கொஞ்சம் கலந்திருக்கும். மனிதச் சிகிச்சைக்கான செல்கள் வளர்ப்பவர்கள் மரபணுவைச் செல்களில் செலுத்தித் தயாரிக்கும் ரீகாம்பினன்ட் வகைக்குப் போகலாம், ஆனால் பர்ஸ் கனமாக இருக்க வேண்டும்.

குப்பிக்கு ஐந்தில் நாலு. அனுப்பிய முகவருக்கு ஒன்று, அதுவும் கடைசியில் மாற்றிக் கொடுத்ததற்காக. அடுத்த ஆர்டர் வேறு முகவரிடம். திங்கள் அல்லது செவ்வாய்தான் அனுப்புவோம் என்று எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன்.