சின்ன பிஸ்டல், ₹1,18,000, அப்புறம் 45 நாள் வாய்தா

நேற்று இரவு கோயம்புத்தூரிலிருந்து வெறுங்கையோடு வந்து இறங்கினேன். இன்னும் கண் மூடவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் வெட்கம் வந்துவிடும், அப்புறம் வாயைத் திறக்க மாட்டேன். போனது ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய். ₹1,18,000. அதுவும் பார்க்கவே பார்க்காத ஒரு சின்னத் துப்பாக்கிக்காக.

நான் தேவிபட்டினம் பக்கம் நண்டும் கருவாடும் வாங்கி விற்கிறவன். கம்பெனிக்காரர்கள் வங்கியில் போட்டுவிடுவார்கள், ஆனால் கரையில் வலைக்காரர்களுக்குப் பணம் கையில்தான் எண்ணிக் கொடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மடியில் பணத்தை வைத்துக்கொண்டு தொண்டி வரை போய் வருவேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு பைக் என் வண்டிக்குப் பின்னாலேயே வந்தது. திருப்பாலைக்குடி தாண்டி ஒரு டீக்கடை வெளிச்சத்தில் நிறுத்தினேன், அவர்கள் நிற்காமல் போய்விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வாரமே துப்பாக்கி லைசென்ஸுக்கு மனு எழுதிவிட்டேன்.

மனு, போலீஸ் விசாரணை, தாசில்தார் அறிக்கை, பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று என்று பதினான்கு மாதம் அலைந்தேன். கடைசியில் கிடைத்தது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும், ஒரு கைத்துப்பாக்கி, தடை செய்யப்படாத ரகம். லைசென்ஸைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி சொன்னது ஒன்றுதான்: "இதுக்குப் பதிலா பணத்தக் கையில கொண்டு போகாம இருக்க வழி பாருங்களேன்." அன்றைக்கு அது எனக்குப் பெண்பிள்ளை பேச்சாகத் தெரிந்தது.

சரி, எதை வாங்குவது? இங்கேதான் என் புத்தி வழுக்கியது. துப்பாக்கியைக் குழல் அளவை வைத்துத்தான் சொல்வார்கள். நமக்கு .38, 9 எம்எம், .45 எல்லாம் கிடையாது, அவை தடை செய்யப்பட்ட ரகம். .32, .25, .22 இவற்றுக்குள்தான் பார்க்க வேண்டும். கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர் நம் பக்கத்தில் இரண்டு பேரிடம் இருக்கிறது. தொண்டியில் படகு வைத்திருக்கும் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), பட்டாளத்தில் இருந்தவர், கையில் எடுத்துக் காட்டினார். கைலி மடிப்பில் செருகினால் பலாக்கொட்டை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. நம்முடைய வியர்வைக்கு மேலே இரண்டு சட்டை போட்டு மறைக்கவும் முடியாது. அதே கான்பூரில் 2014-ல் 'நிர்பீக்' என்று அரைக் கிலோ எடையில் ஒரு ரிவால்வர் கொண்டுவந்தார்கள். லேசானதுதான். வந்தபோதே விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்துக்கு மேல். அதை வாங்கியிருந்தால்கூட இன்றைக்கு ஏதாவது கையில் இருந்திருக்கும்.

காக்கா அன்றைக்கே சொன்னார். "தம்பி, ரொம்பச் சின்னதுக்கு ஆசப்படாத. பிடியில ரெண்டு விரல்தான் நிக்கும், சுண்டு விரல் காத்துல தொங்கும். குழல் குட்டை, குறி பாக்குற முனை அரிசி மாதிரி இருக்கும். நாலு எட்டு தள்ளி நிக்கிறவன் மேலயே படாது. லேசா இருந்தா சுடும்போது உதையும் ஜாஸ்தி. ரிவால்வர்னா தோட்டா வெடிக்கலைன்னா மறுபடி விசையை இழுக்கலாம், அடுத்தது வந்து நிக்கும். பிஸ்டல்ல அடைச்சுக்கிட்டா ரெண்டு கையும் வேணும்." எல்லாம் காதில் விழுந்தது. மனசில் மட்டும் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. லைசென்ஸில் வாங்குவதற்குக் கெடு வேறு இருந்தது. அந்த அவசரமும் சேர்ந்துகொண்டது.

பழைய பொருள் வாங்கி விற்கிற ஒரு செயலி இருக்கிறதே, எல்லோர் போனிலும் இருக்கும், கட்டிலும் பைக்கும் விற்பார்கள். அதில் ஒரு நாள் 'பழங்காலச் சிகரெட் லைட்டர்' என்று ஒரு விளம்பரம். படத்தில் லைட்டர் இல்லை, தோல் உறைக்குள் பாதி மறைந்த ஒரு சின்ன பிஸ்டல். கீழே 'லைசென்ஸ் உள்ளவர்கள் மட்டும்' என்று எழுதியிருந்தது. துப்பாக்கியை லைட்டர் என்று போட்டு விற்கிறவன் எப்படிப்பட்டவன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். 'வெளிப்படையாகப் போட்டால் செயலிக்காரன் தூக்கிவிடுவான், பாவம்' என்று அவனுக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பேசினான். கோயம்புத்தூர்ப் பேச்சு, "சொல்லுங்ணா" என்று தேன் மாதிரி. அப்பா எஸ்டேட் வைத்திருந்தாராம், இறந்துவிட்டாராம். அவருடைய பேபி ப்ரௌனிங் பிஸ்டல் ஒன்று, பெல்ஜியத்தில் செய்தது, .25. நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட நீளம், முந்நூறு கிராம்கூட வராது, மேகசினில் ஆறு தோட்டா. அப்பா போனபிறகு சட்டப்படி ஒரு லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து வைத்திருக்கிறார்களாம், வீட்டில் வேறு யாருக்கும் லைசென்ஸ் இல்லையாம். இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பாகத் தெரியவில்லை. இப்படி ஒப்படைப்பது உண்மையிலேயே நடைமுறைதான். அந்த மாடல் உண்மையிலேயே உண்டு. பாதிக்கு மேல் உண்மையைச் சொன்னான் என்பதுதான் இப்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

நான் அப்போதே பணம் அனுப்பத் தயாராக இருந்தேன். அவன்தான் தடுத்தான். "அவசரப்படாதீங்ணா. மொதல்ல லைசென்ஸ அனுப்புங்க. லைசென்ஸ் இல்லாதவங்ககிட்ட நான் பேசறதே இல்லீங்க." அனுப்பினேன், எல்லாப் பக்கமும், போட்டோ, முகவரி, அடையாள எண்ணோடு. அவனும் அப்பாவின் லைசென்ஸ் என்று ஒன்றை அனுப்பினான். பழைய புத்தகம், சீல், பெரியவர் ஒருவரின் படம்.

அப்புறம் கேட்டான், எங்கே வைத்துக்கொள்வீர்கள் என்று. சட்டைப் பையில் என்றேன். திட்டினான்! மெய்யாகவே திட்டினான். குனிந்தால் கீழே விழும், விசை மூடியிருக்கிற மாதிரி உறை இல்லாமல் எந்தப் பையிலும் போடக்கூடாது, அந்தப் பையில் சாவி, சில்லறை எதுவும் இருக்கக்கூடாது என்றான். கடல் ஓரத்தில் இருக்கிறீர்கள், உப்புக் காற்றும் வியர்வையும் பட்டால் ஒரே வாரத்தில் துரு பிடிக்கும், தினமும் ராத்திரி எண்ணெய்த் துணியால் துடையுங்கள் என்றான். ".25-க்கு வலு கம்மிங்ணா, உங்க தொழிலுக்கு .32 பாக்கறது நல்லது. யோசிச்சுச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டான். தன் சரக்கை வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியை நான் இருபது வருஷ நண்டு வியாபாரத்தில் பார்த்ததில்லை. அங்கேதான் விழுந்தேன். மறுநாள் நானே கூப்பிட்டு, எனக்கு அதுதான் வேண்டும் என்று கெஞ்சினேன்.

விலை ஒரு லட்சம். வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 80-களின் நடுவிலேயே நின்றுபோனது. இங்கே இருக்கிற பழசுக்கெல்லாம் தங்க விலை. ஒரு லட்சத்துக்குப் பெல்ஜியம் பிஸ்டல் என்றால் நாய்க்குக்கூடச் சந்தேகம் வர வேண்டும், எனக்கு வரவில்லை. முதலில் கடையில் வைத்திருந்த வாடகை பாக்கி என்று ₹18,000 கேட்டான், அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ₹60,000. அந்த வாரக் கடைசியில் ₹40,000. ஆக ₹1,18,000. விசைப்படகெல்லாம் கரையேறி நிற்கிற அந்த 61 நாள் தடைக்காலத்தில் வீட்டுச் செலவுக்கும் வலைக்காரர்களுக்கு முன்பணம் கொடுப்பதற்கும் எடுத்து வைத்திருந்த பணம் அது.

இனிமேல்தான் அவனுடைய கெட்டிக்காரத்தனம். லைசென்ஸ் உள்ள தனியாள் இன்னொரு லைசென்ஸ்காரருக்குத் துப்பாக்கியை விற்பதென்றால் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும். இது ஆயுதச் சட்டத்தில் இருப்பது. அதைத்தான் சொன்னான். "நோட்டீஸ் குடுத்தாச்சுங்ணா, 45 நாள் கழிச்சு நீங்களே வந்து கடையில வாங்கிக்கலாம்." நோட்டீஸ் நகல் என்று ஒரு காகிதமும் அனுப்பினான். நான் நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடையில் நாலைந்து தடவை பேசினான், நண்டு விலை விசாரித்தான், என் பையன் பரீட்சை எப்படி எழுதினான் என்றுகூடக் கேட்டான். திருட்டுப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடி மறைய ஒரு நாள் போதும். சட்டத்தைக் காட்டியே 45 நாள் வாய்தா வாங்கிவிட்டான் அந்தப் படுபாவி.

நாற்பத்தாறாவது நாள் போன் அணைந்துவிட்டது.

செயலியில் புகார் செய்தேன். 'இந்த விளம்பரம் ஏற்கெனவே நீக்கப்பட்டது. வேறு உதவி வேண்டுமா?' என்று பதில். வேண்டும் என்று அழுத்தினேன். மறுபடியும் அதே பதில். ஆறு தடவை. வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை: "நீங்கதான சார் பின் நம்பர் போட்டு அனுப்பிருக்கீங்க." காவல் நிலையத்தில் விஷயத்தைச் சொன்னதும் அங்கிருந்தவர் முதலில் என் லைசென்ஸைத்தான் வாங்கிப் பார்த்தார். திருடன் மாதிரி என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துப்பாக்கிய செயலியில வாங்குவியாய்யா நீ?" பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். சைபர் பிரிவுக்குப் போ என்றார்கள். அங்கே, 1930-க்கு, அதுதான் இணையப் பண மோசடிக்குப் புகார் சொல்கிற போன் எண், கூப்பிட்டாயா என்றார்கள். கூப்பிட்டுப் புகார் எண் வாங்கினேன். "அம்பது நாள் ஆச்சே அண்ணாச்சி, உடனே வந்திருந்தா கணக்கை முடக்கிருக்கலாம்" என்றார் ஒருவர். அவர் ஒருவர்தான் மனுஷனாகப் பேசினார், அதையும் சொல்ல வேண்டும்.

மனசு கேட்கவில்லை. அவன் கொடுத்த கடை முகவரியைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். அந்த எண்ணில் ஒரு டெய்லர் கடை. பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்தே அந்தப் பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "துப்பாக்கிதானுங்களே? நீங்க மூணாவது ஆளுங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில், மதுரை தாண்டியபிறகு, புது எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறாராம். என் பெயரைச் சரியாகச் சொல்லி, "உங்க பிஸ்டல் விஷயமா பணம் போட்டிருக்கேன், எப்ப வரட்டும்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அனுப்பிய என் லைசென்ஸைத்தான், விற்கிறவருடைய லைசென்ஸ் என்று சொல்லி அவருக்குக் காட்டியிருக்கிறான். லைசென்ஸில் இருந்த ஊரை வைத்து விசாரித்து என் எண்ணைப் பிடித்திருக்கிறார். அப்படியென்றால் எனக்குக் காட்டிய அந்த 'அப்பா' யார்? எனக்கு முன்னால் ஏமாந்த எந்த ஊர்ப் பெரியவரோ. அவர் எவ்வளவு கொடுத்தாரோ. புதுக்கோட்டைக்காரர் ₹18,000 மட்டும்தான் கொடுத்திருக்கிறார், மூன்று நாள்தான் ஆகிறது. உடனே 1930-க்குப் போடச் சொன்னேன். அவர் நம்பவில்லை. என்னைத்தான் திட்டினார். திட்டட்டும்.

எந்த பிஸ்டல் வாங்கலாம் என்றெல்லாம் விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குத் தெம்பில்லை. அவசரமாகச் சிலது மட்டும். துப்பாக்கியை நேரில் கடையில், கையில் எடுத்து, குழலில் அடித்திருக்கிற எண்ணைக் காகிதத்தோடு ஒத்துப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அந்தக் கடைக்கு லைசென்ஸ் உண்டா என்று உங்கள் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்திலேயே கேளுங்கள். கூரியரில் வரும், லாரியில் வரும் என்று எவன் சொன்னாலும் போனை வையுங்கள். லைசென்ஸ் நகல் கேட்டால் குறுக்கே பேனாவால் தேதியும் யாருக்கு என்பதும் எழுதிக் கொடுங்கள், நான் எழுதவில்லை. பணம் போன அன்றே 1930. காக்கா சொன்ன மாதிரி, ரொம்பச் சின்னதுக்கு ஆசைப்படாதீர்கள்.

திங்கட்கிழமை லைசென்ஸ் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும், என் நகல் தப்பான கையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். சிரிப்பார்கள், பரவாயில்லை. அதற்குள் யாருக்காவது தேவிபட்டினம் முகவரியோடு, அடர்ந்த மீசையும் கட்டம்போட்ட சட்டையுமாக ஒரு ஆளின் லைசென்ஸ் போனில் வந்தால், அந்த ஆள் நான்தான். என்னிடம் விற்பதற்கு எந்தத் துப்பாக்கியும் இல்லை.