பில்லில் 750 லிட்டர், தொட்டிக்குள் 1,125: தண்ணி வண்டி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தெருத்தெருவாகப் போய்க் குடம் கணக்கில் குடிதண்ணீர் விற்கத் தொட்டி பொருத்திய குட்டியானை வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். இந்த ஏமாற்று எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே அச்சில்தான் நடக்கிறது. ஒரு வண்டியின் கணக்கை முழுசாகப் பார்த்தாலே மற்றது புரிந்துவிடும்.

வண்டி, பழைய டாடா ஏஸ். ஆர்.சி. புக்கில் காலி எடை 840 கிலோ, மொத்த எடை 1,550 கிலோ, பாடி வகை திறந்த சரக்குப் பாடி. அதன் மேல் ஒரு பட்டறையில் புதிதாக அடித்த எவர்சில்வர் தொட்டி. பில்லில் 750 லிட்டர். விற்றவர் அதை ஒரு சலுகை மாதிரி சொல்லி விற்றிருக்கிறார்: "பேப்பருக்குத்தான் அண்ணே 750. உள்ள 1,100க்கு மேல பிடிக்கும். பின்னாடி எக்ஸ்ட்ரா பட்டை (ஸ்பிரிங் தகடு) போட்டிருக்கு, ஒன்றரை டன் அசால்ட்டா தாங்கும். எஃப்.சி.க்குப் (தகுதிச் சான்றுக்கு) போறப்ப மட்டும் தொட்டியைக் கழட்டி வெச்சுட்டுப் போங்க."

இந்த நாலு வாக்கியத்தில் உண்மை ஒன்றுதான். உள்ளே 1,100க்கு மேல் பிடிக்கிறது. டேப் வைத்து அளந்தால் நீளம் 150, அகலம் 100, உயரம் 75 செ.மீ. மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 1,125 லிட்டர். 15 லிட்டர் குடத்துக்கு 75 குடம். வாங்குகிறவர் கண்ணுக்கு இந்த 75 மட்டும்தான் தெரியும், விற்கிறவருக்கும் அது தெரியும்.

இப்போது எடைக்கு வருவோம். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, அதில் பேரம் கிடையாது. 2 மி.மீ. எவர்சில்வர் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 16 கிலோ. இந்தத் தொட்டியின் ஆறு பக்கமும் சேர்த்து 6.75 சதுர மீட்டர், ஆக தகடு மட்டும் 108 கிலோ. அடியில் போட்ட சேனல், ஆங்கிள், மூடி, வால்வு எல்லாம் தகட்டோடு சேர்ந்து தொட்டி மொத்தம் 150. பம்பு, ஓஸ், டூல் பெட்டி 40. டிரைவரும் கூட ஒரு ஆளும் 130. மோட்டார் வாகனச் சட்டம் சொல்லும் காலி எடையில் டிரைவரும் உதவியாளரும் சேர மாட்டார்கள். பல பேர் வழுக்குவது இங்கேதான். "750 கிலோ வண்டி" என்று ஊரெல்லாம் சொல்வதால் 750 லிட்டர் தண்ணீர் ஏற்றலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆர்.சி.படி 1,550இல் 840 போனால் 710தான். தொட்டியும் பம்பும் ஆட்களும் அந்த 710க்குள்ளேதான் அடங்க வேண்டும்.

840, 150, 40, 130. கூட்டினால் 1,160. மொத்த எடை வரம்பு 1,550. மிச்சம் 390.

அதாவது 1,125 லிட்டர் பிடிக்கிற அந்தத் தொட்டியில் சட்டப்படி ஊற்றக்கூடிய தண்ணீர் 390 லிட்டர். தொட்டியின் தரை ஒன்றரைச் சதுர மீட்டர் என்பதால் ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் சரியாக ஒரு குடம். 75 செ.மீ. தொட்டியில் 26 செ.மீ. வரைக்கும்தான் ஊற்றலாம், 26 குடம்தான் விற்கலாம். பில்லில் போட்ட 750 லிட்டரே 360 கிலோ அதிகம். பில்லே வரம்பை மீறுகிறது என்றால் அந்தப் பில்லை எழுதியவர் ஆர்.சி.யைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டு எழுதினார்.

தொட்டியை வாய் வரை நிரப்பி எடை மேடையில் ஏற்றினால் 2,290 கிலோ. (கணக்கு 2,285 வரும். பெரிய மேடைகள் 10 கிலோ 10 கிலோவாகத்தான் காட்டும்.) வரம்புக்கு மேல் 740. ஆனால் இதைவிடப் பயமுறுத்துவது அச்சு அச்சாகப் போட்ட எடை: முன் அச்சு 520, பின் அச்சு 1,770.

காரணம், தொட்டியைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கேபினுக்குப் பின்னால் பம்பு நிற்க இடம் விட்டு, தொட்டியைப் பின்கதவோடு ஒட்டி உட்கார வைத்ததில், தொட்டியின் நடு பின் அச்சைத் தாண்டி 15 செ.மீ. பின்னால் போய்விட்டது. ஏஸின் இரண்டு அச்சுக்கும் நடுவே 210 செ.மீ. சீசா பலகை மாதிரி யோசியுங்கள். தொட்டியும் தண்ணீருமான 1,275 கிலோ, பின் அச்சில் 1,366 ஆக அழுத்துகிறது, முன் அச்சை 91 கிலோ தூக்குகிறது. "லோடு ஏத்தினா ஸ்டியரிங் நல்லா லைட்டா இருக்குது" என்று டிரைவர் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். முன் சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்கவில்லை. ஈர ரோட்டில் பிரேக் அடித்தால் திருப்பின பக்கம் வண்டி திரும்பாது.

பின் அச்சு 1,770 என்றால் டயர் ஒன்றுக்கு 885 கிலோ. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்திலேயே சாய்கோடு போட்டு இரண்டு எண் இருக்கும். ஒற்றை டயராக மாட்டும்போது முதல் எண்தான் கணக்கு. 84 என்றால் 500 கிலோ, 86 என்றால் 530 கிலோ. 530 தாங்கும் டயரில் 885 ஏற்றினால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி, வெயில் காலத்தில் ஒரு நாள் வெடிக்கும். காற்றைக் கூட அடித்தால் சரியாகிவிடாது. எண் என்ன சொல்கிறதோ அதுதான் உச்சம்.

எக்ஸ்ட்ரா பட்டை விஷயத்துக்கு வருவோம். பட்டை கூட்டினால் வண்டியின் பின்பக்கம் தொங்காது, அவ்வளவுதான். பிரேக் டிரம் அதேதான், வீல் பேரிங் அதேதான், ஆக்சில் ஷாஃப்ட் அதேதான், சேஸும் அதேதான். ஒன்றரை மடங்கு எடையை நிறுத்த அதே பிரேக் ஒன்றரை மடங்கு சூடாக வேண்டும். மேம்பாலத்து இறக்கத்தில் பெடல் உள்ளே போவது அதனால்தான். பின்பக்கம் தொங்கும் வண்டியைப் பார்த்தால் ஓட்டுகிறவனுக்கே கொஞ்சம் பயம் வரும். பட்டை அந்தப் பயத்தைத்தான் எடுத்துவிடுகிறது. இன்னொன்று: சில பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கு மேலே, வண்டி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்துப் பின் பிரேக்குக்கு ஆயில் அழுத்தம் விடும் வால்வு உண்டு. பட்டை கூட்டி வண்டி அமுங்காமல் நின்றால், அந்த வால்வு வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழு லோடில் குறைந்த பிரேக்கோடு ஓட்டுவீர்கள்.

"2018ல கவர்மென்டே லோடு கூட்டிட்டாங்க" என்றும் சொல்வார்கள். 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பை உயர்த்தியது கனரக லாரிகளுக்காக. உங்கள் ஆர்.சி.யில் இருக்கிற 1,550ஐ அது தொடவில்லை. அந்த எண்ணை எந்தப் பட்டறையும் கூட்ட முடியாது.

சரி, பெரிய தொட்டியே இருக்கட்டும், 26 குடம் மட்டும் ஊற்றி ஓட்டலாமே என்று தோன்றும். கூடாது. நிறைந்த தொட்டியைவிடக் குறை தொட்டி மோசமாக ஆடும். இந்தத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் தடுப்புத் தகடு ஒன்றுகூட இல்லை, வெறும் பெட்டி. இப்படிப்பட்ட 150 செ.மீ. நீளத் தொட்டியில் பாதித் தண்ணீர் இருக்கும்போது, ஆட்டோ ஒன்று குறுக்கே வந்து பலமாகப் பிரேக் அடித்தால், தண்ணீர் முன்சுவரில் மூடி வரைக்கும் ஏறி நிற்கும், பின்பக்கத் தரை காய்ந்து தெரியும். வண்டி நின்றதும் அந்தத் தண்ணீர் திரும்பிப் பின்னால் ஓடி ஒரு இடி இடிக்கும். ரவுண்டானாவில் இதே ஆட்டம் பக்கவாட்டில் நடக்கும், அங்கேதான் கவிழ்கிறது.

குறுக்கே இரண்டு தடுப்பு வைத்து 50 செ.மீ. அறைகளாகப் பிரித்தால் தண்ணீர் ஏறும் உயரம் மூன்றில் ஒன்றாகிவிடும். நீளவாக்கில் நடுவே ஒன்று வைத்தால் பக்கவாட்டு ஆட்டம் அடங்கும். தடுப்பு முழுச்சுவராக இருக்க வேண்டியதில்லை. கீழ்மூலைகளை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அறைக்கு அறை தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். நடுவில் கை விட்டுக் கழுவுகிற அளவுக்கு ஓட்டை வேண்டும். மொட்டை மாடியில் வைக்கிற பிளாஸ்டிக் தொட்டியைக் கயிறு கட்டி ஏற்றுகிறவர்களுக்கும் இதே பதில்தான். அது ஒரே இடத்தில் உட்காரச் செய்த தொட்டி. உள்ளே தடுப்பு இல்லை, அதிர்வில் அவுட்லெட் வாயில் விரிசல் விடும்.

இந்த வண்டிக்குச் சரியான தொட்டி எப்படி இருக்கும்? 125 நீளம், 100 அகலம், 36 உயரம். 450 லிட்டர். 1.5 மி.மீ. தகட்டில், தடுப்பும் அடிச்சட்டமும் சேர்த்து 80 கிலோவுக்குள் அடங்கும். 840, 80, 40, 130, 450. மொத்தம் 1,540. வாய் வரை நிரப்பினாலும் 10 கிலோ மிச்சம். 30 குடம். தொட்டி இளைத்ததிலேயே நாலு குடம் கூடக் கிடைக்கிறது. தொட்டியைக் கேபினை ஒட்டி வைத்து, பம்பைப் பின்கதவுப் பக்கம் கொண்டுபோனால் தொட்டியின் நடு பின் அச்சுக்கு முன்னால் வந்துவிடும். தாழ்ந்த தொட்டி என்பதால் திருப்பத்தில் சாயாது.

1,000 லிட்டர்தான் வேண்டும் என்றால் வண்டி மாற வேண்டும். தண்ணீர் 1,000, தொட்டி 150, பம்பு 40, ஆட்கள் 130. 1,320 கிலோ. அசோக் லேலண்ட் தோஸ்த் மாதிரி 1.25 டன் வண்டியிலேயே 70 கிலோ இடிக்கும். 1.5 டன்னுக்கு மேற்பட்ட பிக்கப்தான் அதற்குச் சரி.

தொட்டியை எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று குனிந்து பார்க்காமல் வராதீர்கள். அந்த வண்டியில் பாடியின் தகரத் தரையில் நாலு போல்ட், அடியில் சின்ன வாஷர். பலமாகப் பிரேக் அடித்தால் எடையில் 80 சதவீதம் முன்னுக்குத் தள்ளும் என்று கணக்கு வைத்துத்தான் கட்ட வேண்டும். நிறைந்த தொட்டிக்கு அது ஆயிரம் கிலோவுக்கு மேல். தகரம் கிழிந்துகொண்டு வரும், வருகிற இடம் டிரைவர் முதுகு. பாடிக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களோடு பிராக்கெட்டும் யூ போல்ட்டும் போட்டுப் பிடிக்க வேண்டும். சேஸின் மேல்விளிம்பிலோ கீழ்விளிம்பிலோ துளை போட்டிருந்தாலும், சேஸில் வெல்டிங் வைத்திருந்தாலும் அந்த வண்டியே வேண்டாம். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

வாங்குவதற்கு முன் எடை மேடைக்குப் போக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தொட்டி காலியாக ஒரு எடை, நிரப்பி ஒரு எடை. நிரப்பினபின் முன் சக்கரம் மட்டும் மேடையில், பிறகு பின் சக்கரம் மட்டும் மேடையில். மேடைக்கு வெளியே இருக்கிற தரை மேடையோடு சமமாக இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்க வேண்டும். இரண்டு அச்சின் எடையும் கூட்டினால் மொத்த எடையோடு 10, 20 கிலோ வித்தியாசத்துக்குள் வர வேண்டும். டிரைவர் சீட்டில் ஆள் இருக்கட்டும். "மேடை தூரம், டீசல் வேஸ்ட்" என்று விற்கிறவர் இழுத்தடித்தால் விஷயம் முடிந்தது, கிளம்பி வந்துவிடுங்கள்.

எஃப்.சி.க்குத் தொட்டியைக் கழட்டச் சொன்னதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆர்.சி.யில் திறந்த பாடி என்று இருக்கிற வண்டியில் நிரந்தரமாகத் தொட்டி மாட்டினால், 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அது விற்றவருக்கு இல்லை, ஓனருக்கு. அதிக லோடுக்கு 194ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒன்றுக்கு மேலும் 2,000. மிச்ச லோடை இறக்குகிற செலவும் உங்கள் தலையில்தான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது ஆர்.சி.யும் லோடும்தான். கிளைமைக் குறைக்கவோ மறுக்கவோ அதுவே அவர்களுக்குக் காரணம் ஆகிவிடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் முதலில் முழு லோடில் ஓட்டுவதை நிறுத்துங்கள். பிறகு எடைச்சீட்டுகள், தொட்டியை டேப் வைத்து அளக்கிற போட்டோ, பில், ஆர்.சி. நகல் எல்லாவற்றையும் சேர்த்து விற்றவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "தொழிலுக்கு வாங்கினது, நீங்க நுகர்வோரே இல்ல" என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலாக ஓட்டுகிறவர் சட்டப்படி நுகர்வோர்தான், மனுவில் அதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். "ஒன்றரை டன் தாங்கும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இருந்தால் போன் மாற்றும்போது தொலைத்துவிடாதீர்கள். பேச்சில் சொன்னது எதையும் அவர் பில்லில் எழுதியிருக்க மாட்டார்.