பழைய ஏர் பிஸ்டல் வாங்கும் பெற்றோர்களே, பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பிள்ளையைத் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்த்துவிட்டு, புது பிஸ்டலுக்குப் பணம் புரட்ட முடியாமல் செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு டீலர் எங்களுக்கு விற்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டலும், 'மேட்ச் கிரேட்' (போட்டித் தரம்) என்று சொல்லிக் கொடுத்த பெல்லட்டும், அதாவது ஈயக் குண்டும், என் மகளின் ஒரு சீசனையே கெடுத்துவிட்டன. ஒரு லட்சத்துக்கு மேல் போனது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் மாதக்கணக்கில் அந்தப் பிள்ளை தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தாளே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

"ஒரே ஷூட்டர் வச்சிருந்தது சார், ஃபுல் சர்வீஸ் பண்ணியாச்சு" என்றுதான் விற்றார். கடையில் ட்ரிகரை அழுத்திப் பார்த்தபோது அவ்வளவு லேசாக இருந்தது. அந்த லேசுக்குக் காரணம் முதல் போட்டியில் தெரிந்தது. ஏர் பிஸ்டல் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. ஆயுதப் பரிசோதனை மேசையில் எடைக்கட்டியை மாட்டித் தூக்கியதும் ட்ரிகர் தாங்காமல் இயங்கிவிட்டது. கையில் எடுத்தவுடன் பிடித்துப்போகட்டும் என்று திருகைத் தளர்த்தி வைத்திருக்கிறார்கள். அங்கேயே சரிசெய்து சுடவிட்டார்கள். ஆனால் பழகிய ட்ரிகர் போட்டி நாளில் மாறினால் ஒரு பிள்ளை எப்படிச் சுடும்?

அதற்கப்புறம் சுட்ட எல்லா இலக்கு அட்டையிலும் ஒரே கதை. நாலு குண்டு நடுவில் விழும், ஐந்தாவது எட்டாம் வளையத்துக்கு ஓடும். டீலரிடம் கேட்டால், "பாப்பாவுக்கு கை இன்னும் செட் ஆகல சார், ஹோல்டிங் ப்ராக்டிஸ் பண்ணச் சொல்லுங்க" என்பார். ஒவ்வொரு முறையும் அதே பதில்.

கடைசியில் கோச் சொல்லி, பிஸ்டல் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் செய்த முதல் வேலை, பிஸ்டலை வைஸில் (மேசையில் பொருத்திய இடுக்கியில்) அசையாமல் பூட்டிச் சுட்டதுதான். கை என்ற பேச்சே அதில் கிடையாது. நல்ல பிஸ்டலும் அதற்குப் பொருந்தும் பெல்லட்டும் இருந்தால், 10 மீட்டரில் ஐந்து குண்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டை வழியாகப் போகும். புது பிஸ்டலோடு தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்த அட்டையையே வைத்து அனுப்புகிறார்கள். எங்கள் பிஸ்டல் வைஸில் இருந்தபடியே பத்து ரூபாய் நாணயத்தை முழுசாக நிரப்புகிற அளவுக்குச் சிதறியது. நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் விட்டமோ 11.5 மில்லிமீட்டர். துப்பாக்கியே இவ்வளவு தின்றுவிட்டால் சுடுகிறவர் கைக்கு என்ன மிச்சம் இருக்கும்?

முதலில் பெல்லட்டைப் பார்த்தார். டின் மேல் பெரிய பிராண்டின் லேபிள். உள்ளே குண்டுகள் குலுங்காமல் மேலே வைக்கும் ஸ்பாஞ்ச் இல்லை. அடியில் ஈயத்தூள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று விதமான பெல்லட்டுகள் கலந்து கிடந்தன. மலிவுச் சரக்கை நல்ல டின்னில் நிரப்பி விற்றிருக்கிறார்கள். பெல்லட்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி உள்ளே குழிவாக இருக்கும். காற்று தள்ளும்போது அந்த ஈயம் விரிந்து பேரலின் (குழலின்) உட்புறத் திருகு வரிகளை இறுகப் பிடிப்பதால்தான் குண்டு சுழன்று நேராகப் போகிறது. அந்த விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தால், பேரலை விட்டு வெளியே வரும் கணத்தில் காற்று அந்தப் பக்கமாகப் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். தலை அளவும் முக்கியம். 4.49 என்றும் 4.50 மில்லிமீட்டர் என்றும் தனித்தனியாக விற்பது சும்மா இல்லை. ஒரு பேரலுக்கு ஒன்றுதான் ஒத்துப்போகும், அதைச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவரிடம் இருந்த நல்ல பெல்லட்டைப் போட்டதும் பக்கவாட்டுச் சிதறல் நின்றது. மேலும் கீழுமாக விழுவது மட்டும் நிற்கவில்லை. வேகமானியை வைத்தபோது அதுவும் பிடிபட்டது. சிலிண்டரில் 200 பார் வரை அடைத்த காற்றை ஒரே சீரான அழுத்தத்துக்குக் குறைத்துக் கொடுப்பது ரெகுலேட்டர். அதன் சீல் தேய்ந்து கசிந்ததால், கொஞ்ச நேரம் சும்மா வைத்துவிட்டுச் சுட்டால் முதல் குண்டு வேகமாகவும், அடுத்தவை மெதுவாகவும் போயின. வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 10 மீட்டரைக் கடப்பதற்குள் 2 சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கும். 130 ஆகிவிட்டால் அது 3 சென்டிமீட்டர். இடையிலுள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு வளையம். 'ஃபுல் சர்வீஸ்' செய்ததாகச் சொன்ன பிஸ்டலின் நிலைமை இதுதான்.

இன்னொன்று, என்னைக் கொதிக்க வைத்தது. சிலிண்டரில் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதிலிருந்து 10 ஆண்டுதான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். தேதி கடந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போகக் கூடாது, அதைக் கவனிப்பது வீரரின் பொறுப்பு என்று சர்வதேச விதியே சொல்கிறது. எங்கள் சிலிண்டரில் சரியாக அந்தத் தேதியின் மேல் கடையின் ஸ்டிக்கர். பிய்த்துப் பார்த்தால் காலாவதி ஆகியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை முகத்துக்கு நேரே பிடிக்கிற பொருளில் இப்படிச் செய்ய மனசு எப்படி வருகிறது?

கருவி கெட்டால் எவ்வளவு பெரிய வீரருக்கும் தப்ப வழியில்லை. டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச்சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி நேரம் வீணானது, இறுதிச்சுற்று கைநழுவிப் போனது. அதே 10 மீட்டர் பிரிவில் 2024இல் பாரிஸில் அவர் வெண்கலம் வாங்கினார். இதை என் மகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, வைஸில் பூட்டி உங்கள் கண்ணெதிரே சுட்டுக் காட்டாத பிஸ்டலை வாங்காதீர்கள். சிலிண்டரைக் கழற்றித் தேதியைப் படியுங்கள், ஸ்டிக்கர் இருந்தால் பிய்க்கச் சொல்லுங்கள். பெல்லட் டின் சீல் உடையாமல் இருக்க வேண்டும். ட்ரிகருக்கு 500 கிராம் எடையை அங்கேயே மாட்டிப் பாருங்கள். மறுக்கிற கடையில் நிற்கவே வேண்டாம்.

டீலர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும், இணையத்திலேயே பதியலாம். பில், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப்பில் அவர் கொடுத்த உறுதிமொழி, வைஸில் சுட்ட அட்டைகள், அந்த ஸ்டிக்கரின் படம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் அந்த டின்னைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், சாட்சிக்கு அது வேண்டும்.