ஆடியில் வடக்கு வாசல், மார்கழியில் தெற்கு வாசல்: வேலூர்ப் பக்கம் கட்டடப் போட்டோகிராபர் சேவை எப்படி?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் கட்டி முடித்த வீட்டையோ ஆஸ்பத்திரியையோ படம் எடுக்க ஆள் தேடினால் மூன்று வகையானவர்கள் கிடைக்கிறார்கள். கல்யாணம் எடுக்கும் உள்ளூர் ஸ்டூடியோக்காரர், ட்ரோனோடு வந்து ரீல்ஸ் போட்டுத் தருபவர், சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும் கட்டடப் போட்டோகிராபர். கொட்டேஷனில் மூவரும் 'பில்டிங் போட்டோ' என்றுதான் எழுதுவார்கள். ஆனால் கிடைக்கும் பொருள் வேறு வேறு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டை வாடகைக்கு விடவோ மனையோடு விற்கவோ படம் வேண்டுமென்றால் நல்ல போன் போதும், செலவு வேண்டாம். ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோ தன் வேலையைப் பத்து வருஷத்துக்குக் காட்டிக்கொள்ள, விருதுக்கு அனுப்ப, கல்லூரி, ஆஸ்பத்திரி, ஹோட்டலின் விளம்பரத்தில் போட என்றால் கட்டடம் மட்டுமே எடுப்பவரை வரவழைப்பது கொடுக்கும் பணத்துக்குத் தகும். நடுவில் இருப்பவர்கள், அதாவது நல்ல வீடு கட்டிய சாதாரணக் குடும்பம், உள்ளூர் ஸ்டூடியோக்காரரையே வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ளவற்றைச் சொல்லி வேலை வாங்கத் தெரிந்தால் போதும்.

ஸ்டூடியோக்காரர்களின் கேமராவில் குறை இல்லை. கை பழகியிருப்பது முகங்களுக்கு. எலிவேஷன் முழுவதும் வர வேண்டுமென்று மிக அகலமாகக் காட்டும் 16 எம்எம் லென்ஸ் போட்டு, கேமராவை அண்ணாந்து தூக்கிப் பிடிக்கிறார்கள். தூக்கியதும் தூண்களும் சுவர் ஓரங்களும் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சாய்கின்றன. மூன்று மாடிக் கட்டடம் பின்பக்கமாக மல்லாந்து விழுவதுபோல் தெரியும். அதை கம்ப்யூட்டரில் நிமிர்த்தலாம்தான். நிமிர்த்தும்போது மேல்மாடி இழுபட்டு மங்கும், இரண்டு பக்கமும் வெட்டுப்படும், ஓரத்தில் இருந்த போர்ட்டிகோ போய்விடும்.

இதற்கென்றே இருப்பது டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ். கேமராவை மட்டமாக வைத்துவிட்டு லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். கேனனில் 17 எம்எம், 24 எம்எம், நிக்கானில் 19 எம்எம் கட்டடக்காரர்கள் வைத்திருப்பவை, மூன்றும் 12 மில்லிமீட்டர் நகரும். வேலூரின் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை மாதிரி இடங்களில் 20 அடித் தெருவில் எதிர்ச் சுவரை ஒட்டி ஸ்டேண்ட் போட்டால் கேமராவுக்கும் முகப்புக்கும் 18 அடிதான் இருக்கும். ஃபுல்-ஃபிரேம் கேமராவை (சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர்) நெட்டுவாக்கில், 5 அடி உயரத்தில், மட்டமாக வைத்ததாகக் கொள்ளுங்கள். சாதாரண 24 எம்எம் லென்ஸில் தரையிலிருந்து சுமார் 18 அடி வரைதான் படத்துக்குள் வரும், முதல் மாடியோடு சரி. 17 எம்எம் டில்ட்-ஷிஃப்டை முழுவதும் மேலே நகர்த்தினால் சுமார் 36 அடி வரை வரும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் சேர்ந்து. வெளியூர்க்காரருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்த லென்ஸுக்குத்தான்.

அந்த லென்ஸ் இல்லாமலும் ஒரு வழி உண்டு, உள்ளூரில் வேலை வாங்குபவர்கள் இதை மறக்கவே கூடாது. எதிர்வீட்டாரிடம் கேட்டு அவர்கள் முதல் மாடி பால்கனியில் ஸ்டேண்ட் போடுங்கள். கேமரா தரையிலிருந்து 15 அடியில் மட்டமாக நின்றால், அதே 18 அடி தூரத்தில், அதே 24 எம்எம் லென்ஸில், கீழே ஒன்றரை அடி போக 28 அடி உயரம் வரை நேராக வந்துவிடும். கட்டடத்தின் பாதி உயரத்தில் கேமரா என்பதுதான் கணக்கு. எதிர்வீட்டாரிடம் முதல் நாளே சொல்லி வைப்பது உங்கள் வேலை, போட்டோகிராபர் வேலை இல்லை.

அடுத்தது வெயில். ஒரு போட்டோகிராபர் தேறுவாரா என்று இதில்தான் தெரியும். அட்வான்ஸ் வாங்கும் முன் "வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்காதவரை அமர்த்த வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

வேலூர் ஏறத்தாழ 12.9 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் உச்சி வெயிலே வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை வடக்குச் சுவரில் நேர் வெயில் விழவே விழாது. வாஸ்து பார்த்து வடக்கு வாசல் வைத்த வீடுகள் இங்கே நிறைய. தை மாசம் கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு படம் எடுத்தால் பின்னால் வானம் பளிச்சென்றும் முகப்பு இருட்டடித்தும் வருவது அதனால்தான். கேமராவில் கோளாறு இல்லை, மாசம் தப்பு.

வடக்கு வாசல் என்றால் மே முதல் ஆடி வரை காத்திருங்கள். காலை 7 மணியிலிருந்து 8.30, மாலை 4.30க்கு மேல், வெயில் சுவரை உரசினாற்போல் விழும். இந்த உரசல் வெயிலில் கல் பதித்த சுவரும் வெட்டுக்கல் வேலையும் அழகாக எழும்பும். பூச்சு வேலையில் அலை இருந்தால் அதுவும் எழும்பும், மேஸ்திரி மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அப்படிப்பட்ட சுவர் என்றால் மேகம் மூடிய நாளோ அந்தி வெளிச்சமோ பொருத்தம். தெற்கு வாசலுக்கு மார்கழி. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன்கூட 54 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை, காலை 8 முதல் 10 வரையும் மாலை 3 முதல் 5 வரையும் தெற்கு முகப்பு நன்றாக இருக்கும். கிழக்கு வாசலுக்குக் காலை, மேற்குக்கு மாலை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மேற்கே மலை மறைக்கும் இடங்களில் பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்துக்கு முன்பே வெயில் இறங்கிவிடும், அதை முதல் நாள் மாலையே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

இதில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, ஸ்டூடியோக்காரர்கள் கை ஓய்ந்திருப்பார்கள். தை, வைகாசி, ஆவணியில் அரை நாள் தர யோசிப்பவர் இந்த மாசங்களில் இரண்டு நாள் தருவார், விலையும் பேசலாம். வடக்கு வாசலுக்கு ஆடி, தெற்கு வாசலுக்கு மார்கழி என்று வெளிச்சமும் அப்படியே ஒத்துவருகிறது. கத்திரி வெயிலில் மட்டும் 10 மணியிலிருந்து 4 மணி வரை எந்த வெளிப்படமும் வேண்டாம். வானம் வெளுத்து, மலை புகைந்து, வெள்ளைப் பெயின்ட் அடித்த சுவர் வெறும் காகிதமாக வரும். மலை பின்னணியாக வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட மறுநாள் காலைதான் சரி. தூசு அடங்கி, பாறையும் பச்சையும் பிரிந்து தெரியும்.

அந்திப் படம் எல்லோரும் கேட்பது. விளக்கெல்லாம் எரிய, வானம் கருநீலமாக. நம் ஊரில் சூரியன் சரேலென்று இறங்குகிறது. மறைந்ததிலிருந்து ஏறத்தாழ 22 நிமிடம்தான் அந்தி, வானமும் விளக்கும் சமமாக நிற்பது அதிலும் 10 நிமிடம். டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் 5.45 மணி வாக்கில் மறையும், ஜூன் கடைசியில் 6.40 வாக்கில். ஆகவே ஒரு மாலைக்கு ஒரு கோணம், மிஞ்சினால் இரண்டு. "ஒரே சாயங்காலத்தில் எட்டு நைட் ஷாட்" என்று சொல்பவர் பகலில் எடுத்ததை நீலமாக்கித் தருகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். நல்லவர்கள் 5 மணிக்கே ஸ்டேண்டைப் பூட்டிவிட்டு, அதை அசைக்காமல், வெளிச்சம் இறங்க இறங்க எடுத்துக்கொண்டே இருப்பார்கள். தரையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் விளக்கு வெளிச்சம் அதில் விழுந்து முன்பக்கத்துக்கு உயிர் வரும், இது பழைய வித்தை, இன்றும் பலிக்கிறது.

உள்ளே எடுக்கும்போது கவனிக்க வேண்டியது அகலம். 10க்கு 11 அறையை ஹால் மாதிரி காட்ட 14, 16 எம்எம் போடுவார்கள். ஓரத்தில் இருக்கும் சோபா ஒரு கஜம் நீளும், உருண்டை விளக்கு முட்டையாகும். 24 எம்எம்மில் அறை சிறிதாகத்தான் தெரியும், ஆனால் அறையாகத் தெரியும். கேமரா உயரம் 4 அடி ஒட்டி இருக்கட்டும், சமையலறையில் மேடையின் மேற்பரப்பு லேசாகத் தெரியும் அளவு. லென்ஸ் துளை எஃப் 8 அல்லது 11, வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 100, ஸ்டேண்ட், இதில் சமரசம் வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே தெரிவதும் உள்ளே நிழலும் இரண்டும் வர மூன்றிலிருந்து ஏழு வெளிச்ச அளவுகளில் எடுத்துச் சேர்க்க வேண்டும். சாஃப்ட்வேரே தானாகச் சேர்த்தால் ஜன்னலைச் சுற்றிச் சாம்பல் வளையமும், சுவரில் அழுக்குப் படிந்த சாயலும் வரும். சாம்பிள் கேட்கும்போது ஜன்னல் உள்ள படத்தைக் கேட்டு, அந்த ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஃபால்ஸ் சீலிங்கில் 3000 கெல்வின் (விளக்கு நிறத்தின் அளவு) மஞ்சள் ஸ்ட்ரிப், நடுவில் 6500 வெள்ளை பல்பு, சமையலறையில் பழைய டியூப் என்று கலந்திருந்தால் எந்த எடிட்டிங்கும் சுவர் நிறத்தைக் காப்பாற்றாது. படம் எடுக்கும் முன் எலக்ட்ரீஷியனை வைத்து ஒரே நிறத்துக்கு மாற்றுங்கள், நான்கு பல்பு கூடுதலாக வைத்திருங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு எந்த நாள் என்று பேப்பரில் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். பெங்களூரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் வந்த ஆள் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அன்றைய கூலி உங்கள் கணக்கில்தான்.

மற்ற தயாரிப்பு சின்னச் சின்னதுதான், ஆனால் படத்தைக் கெடுப்பதும் அவைதான். ஜன்னல் பிரேமில் ஒட்டிய ஸ்டிக்கர், சுவிட்ச் போர்டின் பிளாஸ்டிக் உறை, கண்ணாடியில் சிமென்ட் புள்ளி, தூணோரம் விட்டுப்போன சாரக் கயிறு. கிரகப்பிரவேசம் முடிந்திருந்தால் பந்தக்கால் குழி, புது சீலிங்கில் ஹோமப் புகை. திருஷ்டிப் பூசணியை எடுக்கலாமா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நிலைப்படி மஞ்சளையும் மாவிலைத் தோரணத்தையும் வாசல் கோலத்தையும் விட்டுவிடுங்கள். வெளியூர்ப் போட்டோகிராபர்கள் சிலர் எல்லாவற்றையும் துடைக்கச் சொல்வார்கள். கோலம் இருக்கிற வாசல் இந்த ஊர் வீடாகத் தெரிகிறது, துடைத்த வாசல் எந்த ஊராகவும் இருக்கலாம்.

ட்ரோன் ஆட்கள் சேவை வேகம், விலையும் குறைவு. தொழிற்சாலை, கல்லூரி வளாகம் போன்ற பெரிய இடங்களுக்கு அவசியம். தனி வீட்டுக்கு 300 அடிக்குப் போனால் தெரிவது தண்ணீர்த் தொட்டிகள்தான். 20, 30 அடியில் நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள், முகப்பு நேராக வரும். 2021 ட்ரோன் விதிகளின்படி ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும், 250 கிராமுக்கு மேற்பட்டதைக் கூலிக்குப் பறக்கவிடுபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். அப்துல்லாபுரம் விமானதளம் பக்கத்தில் இருப்பதால் உங்கள் இடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என எந்த நிற மண்டலம் என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னம், உள்ளே ஸ்டேண்ட் போடவே தனி அனுமதி வேண்டும், ட்ரோனைச் சொல்லவே வேண்டாம். வீடியோவில் விளக்குகள் மினுக்கினால் ஷட்டர் வேகத்தை வினாடியில் 50ல் ஒன்று அல்லது 100ல் ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

கொட்டேஷனை எத்தனை மணி நேரம் என்று பார்க்காதீர்கள், முடித்துத் தரும் படம் எத்தனை என்று பாருங்கள். ஒழுங்காக எடுத்தால் உள்ளே ஒரு கோணத்துக்கு அரை மணி முதல் முக்கால் மணி ஆகும். விடிகாலையிலிருந்து அந்தி வரை உழைத்தாலும் 12, 15 படம்தான் தேறும். அரை நாளில் 100 படம் என்ற கொட்டேஷன் மலிவு இல்லை, பொறுக்கும் வேலையை உங்கள் தலையில் கட்டுகிறது. பயணம், தங்கல், உதவியாள், எடிட்டிங், ஜிஎஸ்டி தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். முதல் நாள் சைட் பார்வை அதில் இல்லையென்றால் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காப்பிரைட் வரியைக் கட்டாயம் படியுங்கள். 1957ஆம் வருஷக் காப்பிரைட் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். பலர் அமெரிக்க மாதிரியைப் பார்த்து 'உரிமை போட்டோகிராபருக்கே' என்று எழுதிய தாளை நீட்டுகிறார்கள், கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும். அதில் தவறில்லை, ஆனால் ஆர்க்கிடெக்ட், பில்டர், டைல்ஸ் கம்பெனி மூவரும் செலவைப் பங்கிடும்போது யார் எங்கே போடலாம் என்பதைப் பெயர் பெயராக எழுதிவிட வேண்டும்.

எடிட்டிங்கில் ஒரு கோடு போடுங்கள். குப்பை, கார், தற்காலிக ஒயரை நீக்கலாம். வாசலில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் ஈபி கம்பத்தையும் நீக்கக் கூடாது. ஃப்ளாட் விற்கும் பில்டருக்கு இது வெறும் நாகரிகமும் இல்லை, ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவு பொய்யான விளம்பரத்துக்கு நஷ்டஈடு கேட்க வாங்குபவருக்கு உரிமை தருகிறது. வானத்தை மாற்றியிருந்தால் மேகத்தில் வெயில் விழும் பக்கமும் சுவரில் நிழல் விழும் பக்கமும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

படம் கைக்கு வந்ததும் மீதிப் பணம் கொடுக்கும் முன், ஒன்றை ஏ3 தாளில் அச்சடித்துப் பாருங்கள். அதற்கு 4961க்கு 3508 பிக்சல் போதும், 24 மெகாபிக்சல் கேமரா தாராளமாகத் தரும். ஸ்கேலை எடுத்து தூணின் ஓரத்தில் வையுங்கள். சாய்ந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள், அந்த ஒன்றைத் திருத்துவதற்குத் தனிக் காசு கேட்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கட்டும்.