டோக்கன் 14க்குப் பிறகு 17

இந்த முறை ஐந்து வாரம் மதுரையில் இருந்தோம். திருமணம், குலதெய்வக் கோயில், உறவினர் வீட்டு விருந்துகள் எல்லாம் குறையின்றி நடந்தன. ஆனால் மெல்பர்ன் திரும்பிய பிறகும் மனத்தை விட்டு அகலாதிருப்பது, ஒரு மனநல மருத்துவமனையில் காத்திருந்த மாலைதான்.

என் மகனுக்கு வயது 11. ஆட்டிசம் என்பது மூன்று வயதிலேயே தெரிந்துவிட்டது. சென்ற ஆண்டு முதல் இரவில் வாசல் பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கத் தொடங்கினான். மெல்பர்னில் மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்த சிகிச்சையாளர், அதுவும் ஆட்டிசத்தின் ஒரு பகுதிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊரில் பூட்டோடு சிலிண்டர் ரெகுலேட்டரும் சேர்ந்துகொண்டது. "எம் பேரனுக்கு எம்புட்டுப் பொறுப்பு" என்று என் அம்மா பூரித்தார். அவன் படுக்கப் போக ஒரு மணி நேரத்திற்கு மேலான பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம்.

எங்கள் டோக்கன் 15. 14 உள்ளே போனதும் அவன் எழுந்து கதவருகே நின்றுகொண்டான். அடுத்து அழைக்கப்பட்டது 17. யாருக்கோ வேண்டியவர். சிறுவயதில் அப்பாவோடு எந்த அலுவலகத்திற்குப் போனாலும் பார்த்து நான் பழகிய வழக்கம்தான்; என் மகனுக்கோ எண்களே பொய்யானதைப் போலிருந்தது. காதுகளைப் பொத்திக்கொண்டு, "14க்கு அப்புறம் 15" என்று தரையில் உட்கார்ந்து அலறினான். அரை மணி நேரம் அவனை அணைத்தபடி அந்த மொசைக் தரையிலேயே நானும் உட்கார்ந்திருந்தேன். வரிசை தவறாது என்பதை அவனுக்கு உறுதியாகச் சொல்ல முடிகிற மெல்பர்னை அன்று ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டேன்.

அந்த அலறலைப் பார்த்த மருத்துவர், ஐந்தே நிமிடத்தில் ஓசிடி, அதாவது எண்ணச் சுழற்சி நோய் என்று முடிவுகட்டி மாத்திரை எழுதினார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒழுங்கு மாறாதிருக்க வேண்டும் என்ற இந்தத் தவிப்பை, 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே ஆட்டிசத்தின் முக்கிய அடையாளமாகக் குறித்திருக்கிறார். ஓசிடிக்குக் கொடுக்கும் மாத்திரை இதற்கும் கேட்கும் என்பதில்லை. ஆட்டிசமுள்ள 149 சிறுவர்களுக்கு சிட்டலோபிராம் என்ற அவ்வகை மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2009இல் வெளியானபோது, திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களில் அம்மருந்து வெற்று மாத்திரையை விட அதிகப் பயன் தரவில்லை.

படிவம் ஒன்றை நிரப்புவதற்காக மாடிக்கு அனுப்பப்பட்டோம். அங்கிருந்த இளம் உளவியலாளர் படிவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அவனருகே பாயில் உட்கார்ந்தார்.

"தம்பி, 14க்கு அப்புறம் 17 வந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா 15தான் வரணும்."

"சிலிண்டரைப் பாக்காம படுத்துட்டா?"

நெடுநேரம் பேசாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அம்மா செத்துருவாங்க. எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கல. ஆனா பாக்கச் சொல்லுது."

ஓராண்டாக அந்தப் பயத்தை அவன் தனியாகச் சுமந்திருக்கிறான். எண் வரிசை அவனுக்குப் பிடித்தமானது, நிம்மதி தருவது. அது குலைந்தால்தான் துன்பம். சிலிண்டரைச் சோதிப்பதோ அவன் விரும்பாதது. வேண்டாத எண்ணம் ஒன்று துரத்துவதால் செய்வது, செய்த மறுகணமே பயம் திரும்புவது. ஓசிடி என்று மருத்துவர் சொன்ன பெயர் சரியாக இருந்தாலும் அதற்கு அவர் காட்டிய காரணம் தவறு; மெல்பர்னில் பெயரே தவறு. ஆட்டிசமும் ஓசிடியும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கக்கூடும் என்பதை இரு ஊரிலும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. உள்ளே நிகழ்வதைச் சொல்லத் தெரியாத பிள்ளைகளிடம் 'செய்யாவிட்டால் என்ன ஆகும்' என்ற கேள்வி மட்டும் போதாது என்றும், பழக்கம் எப்போது தொடங்கியது, தடுத்தால் முகத்தில் தெரிவது கோபமா பயமா என்றெல்லாம் கவனிக்க வேண்டும் என்றும் அந்த உளவியலாளர் விளக்கினார்.

சோதிக்கும் எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, எழும் பயம் தானே தணியும்வரை அவனைப் பொறுத்திருக்கப் பழக்குவதே சிகிச்சை. வரிசை விஷயத்தில் அப்படிப் பழக்கத் தேவையில்லை, மாற்றத்தை முன்கூட்டிச் சொன்னால் போதும் என்றார். அடுத்த மூன்று வாரமும் அவர் அழைக்கவிருந்த எண்களை முதலிலேயே ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுத்தார்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு, ரெகுலேட்டரை இரண்டு முறை பார்த்துவிட்டு அடுப்படி வாசலுக்கு வந்தான். அவன் அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பதினைந்து நிமிடம் நின்றான். கை முழுக்க வியர்த்திருந்தது.